பெயர் சொல்லிக் கூப்பிடும் தாத்தா

நீலசந்திரா பகுதியின் அந்தச் சந்தில் கிறிஸ்மஸ் தாத்தா வீட்டுக்குள் வருவதில்லை. வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளை ஓடி வந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும். பெற்றவர்களே பெயர் எழுதி முன்கூட்டியே மாதா கோவிலில் கொடுத்து வைப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. தாத்தா கூப்பிட்டு வராத பிள்ளை அங்கே இருந்ததில்லை.

அடுகோடியிலுள்ள லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஓஸ்வால்டுதான் பல வருடங்களாகத் தாத்தா. இந்த வருடம் முகமூடிக்குள் அவனுக்கு மூச்சு முட்டியது. அதே சந்தில் இருக்கும் ஷோபாவின் மகன் ராகேஷ் காய்ச்சலில் போய் முப்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை. காய்ச்சல் வருமுன்பே அவள் கொடுத்திருந்த பொட்டலம் மூட்டையின் அடியில் கிடந்தது.

"அந்த வீட்டு முன்னாடி டிரம் வேணாம்பா," என்றான்.

"சரிண்ணே. நீ தலைகாணியப் புடி, தொப்பை முழங்காலுக்கு வந்துடும் போல," என்றான் டிரம் அடிக்கும் அப்பாதுரை. யாரும் சிரிக்கவில்லை.

சத்தமில்லாமல் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ராகேஷின் தங்கை மலர் வாசலில் நின்றாள். அண்ணனின் செருப்பைத் துடைத்து, படியில் ஜோடியாக வைத்திருந்தாள்.

"தாத்தா, ராகேஷைக் கூப்பிடு."

ஓஸ்வால்ட் மூட்டையைக் கீழே இறக்கினான்.

"உப்புத்தொட்டியில செத்துக் கெடந்த மூணு பசங்களும் புனித நிக்கோலாஸ் கூப்பிட்டதும் எழுந்து வந்தாங்கல்ல? அவருதான் கிறிஸ்மஸ் தாத்தான்னு ஓஸ்வால்ட் அங்கிள் மறைக்கல்வி கிளாஸ்ல சொன்னாரு. கூப்பிடு. செருப்பு ரெடியா இருக்கு."

கதவைப் பிடித்தபடி ஷோபா நின்றாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. மகளை உள்ளே இழுக்க வேண்டியவள், அவளும் தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் யாரும் வரப்போவதில்லை. கூப்பிடாமல் போனால், தாத்தா மனம் வைக்காததால்தான் அண்ணன் வரவில்லை என்று இந்தப் பெண் காலமெல்லாம் நினைப்பாள். ஓஸ்வால்ட் மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ராகேஷ்!"

எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. மலர் சந்தின் முனையைப் பார்த்தாள். பிறகு செருப்பைப் பார்த்தாள்.

"இன்னும் சத்தமா."

கூப்பிட்டான். பாதியிலேயே குரல் உடைந்தது.

அவன் முகமூடியைக் கழற்றினான். பிள்ளைகள் முன் கழற்றக் கூடாது என்பது தாத்தாவோடு வரும் குழுவின் கட்டுப்பாடு. அப்பாதுரை தடுக்கவில்லை.

"நான் அவரு இல்லம்மா. ஓஸ்வால்ட் அங்கிள்தான், வேஷம் போட்டிருக்கேன். ஆண்டவர் அவருக்குக் குடுத்த வரம் எனக்கு இல்ல. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

மலர் வியர்த்துப்போன அந்த முகத்தை வெறித்தாள்.

"பொய்த் தாத்தா," என்றாள். செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

அவளுடைய பொட்டலத்தையும் ராகேஷின் பொட்டலத்தையும் செருப்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அவன் படியிலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் முன்னால் ஒரு தம்ளர் நீண்டது.

"குடிங்கண்ணா," என்றாள் ஷோபா. "தொண்டை கட்டிப்போச்சு."

எல்லாம் போன வீட்டிலும் கொடுக்க ஒரு தம்ளர் தண்ணீரை ஆண்டவர் மிச்சம் வைத்திருந்தார். ஓஸ்வால்ட் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

அடுத்த வீட்டின் முன் முகமூடி இல்லாமலேயே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பிள்ளை வந்தது. ஓடி வரவில்லை, அவன் முகத்தையே பார்த்தபடி நடந்து வந்தது.