உடைத்த வீட்டுச் சோறு

அலமாரிக் கதவைக் காலுக்கடியில் மிதித்துப் பிடித்துக்கொண்டு நெனிதா வெட்டுக்கத்தியை ஓங்கினாள். பலகை இரண்டாகப் பிளந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய பலகை, நன்றாக எரியும். புதுச் சமையலறைக்காக முன்வாசலில் இறக்கி வைத்திருந்த சிமெண்ட் கற்களில் மூன்றை எடுத்து அடுப்பாகக் கூட்டியிருந்தாள். அதன் மேல் அண்டாவில் பன்றிக்கறி வினிகரும் பூண்டுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே கூடத்தில், நான்கு நெட்டை மின்விளக்குகளுக்கு நடுவே, கண்ணாடி மூடியிட்ட வெள்ளைப் பெட்டிக்குள் அவள் புருஷன் ஆடோர் படுத்திருந்தார்.

"புருஷன் பெட்டில கிடக்கிறப்ப கத்தியும் கையுமா நிக்கிற பொண்டாட்டிய இப்பதான் பாக்குறேன்," என்றாள் ரெமெடியோஸ்.

ரெமெடியோஸ் ஆடோரின் அக்கா. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்விட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்த உரிமையைக் கறுப்புக் கவுனோடு சேர்த்து உடுத்திக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கியிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. சிராய் தெறிக்கும்," என்றாள் நெனிதா.

"என் மேல தெறிக்கிறது இருக்கட்டும். அந்தச் சுவரை இடிக்காதீங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேனா இல்லையா? அப்பா கட்டின சுவர். நிக்கிற வீட்டை உடைச்சா வீடு ஒரு ஆளைக் கேக்கும். கேட்டுச்சு. வாங்கிக்கிச்சு."

"டாக்டர் இதயம்னு சொன்னார்."

"டாக்டருக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்?"

நெனிதா பலகையை அடுப்புக்குள் தள்ளினாள். ஆள் செத்தால் காரணம் சொல்ல ஒரு கூட்டமே புறப்பட்டு வந்துவிடுகிறது. நேற்றிலிருந்து இதே பேச்சுதான். பெட்டிக்குக் காவல் இருக்க வந்து வாசலில் சீட்டாடுகிறவர்கள்கூட, சீட்டைப் பிரித்துக்கொண்டே, பின்பக்கம் சுவர் இருந்த இடத்தில் தொங்கிய நீலத் தார்ப்பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

சுவரை இடிக்க வேண்டும் என்று நெனிதா கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரு ஜன்னல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சமையலறையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் பல்பு போட வேண்டும். மீன் பொரித்தால் புகை அவள் தலைமுடியிலேயே குடியிருக்கும். கேட்டுக் கேட்டு அவளே மறந்துபோன பிறகு, ஆடோர் ஒருநாள் சம்மட்டியும் கையுமாக வந்து நின்றார். கொத்தனார் குஸ்திங்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். சுவர் போயிற்று, தொட்டி போயிற்று, சமையலறைக்குப் போன மின்சாரக் கம்பிகளும் போயின. கேஸ் அடுப்பைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "புதுசு வரும், பொறுத்துக்க," என்றார்.

பொறுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ரைஸ் குக்கரைக் கூடத்தில் டிவி மேஜை மேல் வைத்துச் சோற்றின் மேலேயே முட்டையையும் அவித்தார்கள். கேட்டுக்கு வெளியே கரி அடுப்பில் மீன் சுட்டார்கள். குளியலறையில் அவள் குந்தியபடி தட்டுக் கழுவ, அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் ஒரு தட்டைத் துடைத்து அவள் பார்த்ததே இல்லை. "புதுசா கல்யாணமானவங்க மாதிரி இருக்கு நெனி. ஜன்னல் மெதுவாவே வரட்டும்," என்றார். முந்தாநாள் காலை கூடத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

அவள் இன்னும் அழவில்லை. அழுதால் சுவரை இடித்தது தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

"என் வீட்டு அடுப்பு சும்மாதானே கிடக்கு," என்று ரெமெடியோஸ் மறுபடி ஆரம்பித்தாள். "அங்க சமைச்சு எடுத்துட்டு வரலாம். இல்லையா, அவனைச் சாவுச் சடங்கு மண்டபத்துக்குக் கொண்டு போயிடலாம். ஏசி இருக்கு. காப்பி, பிஸ்கட்டு எல்லாம் அவங்களே குடுப்பாங்க."

"அவருக்கு பிஸ்கட்டு புடிக்காது."

"விளையாடாத நெனிதா."

"நான் விளையாடலக்கா. அவர் இங்கதான் இருப்பார். சோறும் இங்கதான் வேகும். உடம்புக்கு மருந்து ஏத்தியாச்சு, நாளன்னைக்கு ஜெசிபெல் வர்ற வரைக்கும் தாங்கும். அப்பா வீட்லதானே இருக்கார்னு தோஹாலேருந்து போன்ல கேட்டா. ஆமான்னு சொல்லியிருக்கேன்."

மகள் பெயரைச் சொன்னதும் ரெமெடியோஸ் கொஞ்சம் அடங்கினாள். ஆனால் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத ஆள்.

"சரி. சாயங்காலம் ஜெபத்துக்கு வர்றவங்க, இந்த வாசலைத் தாண்டி வர்ற அத்தனை பேரும் வயிறு நிறைஞ்சு போகட்டும். நான் வாயைத் திறக்கல. ஒருத்தர் பசியோட போனாலும் பெட்டி மண்டபத்துக்குப் போகும். ஆறு மணிக்கு வண்டி வரச் சொல்லியாச்சு."

பம்பங்கா மாகாணத்தில் இது சும்மா மிரட்டல் இல்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்ப் பசியோடு திரும்பினால், செத்தவரை மறந்தாலும் அந்தப் பசியை மறக்க மாட்டார்கள்.

"வரட்டும்," என்றாள் நெனிதா.

உள்ளே போனால் இன்னொரு தொல்லை. பெட்டி வீட்டில் இருக்கும்வரை விளக்குமாற்றைத் தொடக் கூடாது. சாவைக் கூட்டி அடுத்தவர் பக்கம் தள்ளுவதாக ஆகிவிடும். ஆனால் இடித்த வீட்டில் சிமெண்ட் தூசி யார் செத்தாலும் நிற்பதில்லை. நாற்காலி, மெழுகுவர்த்தி, மாதா சிலை எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. நெனிதா ஈரத்துணியை எடுத்து, குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"தொடைக்கிறதும் கூட்டுறதும் ஒண்ணுதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"கூட்டக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. தொடைக்கக் கூடாதுன்னு எந்தப் பாதிரியார் சொன்னார்? தூசியோட சோறு போட்டா அதுக்கும் நீங்கதானே பேசுவீங்க?"

கறி வெந்து இறங்கியது. அடுத்து சோற்றுக்குப் பெரிய பானையை ஏற்றினாள். உலை கொதித்து அரிசி போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குஸ்திங் ஓடிவந்து ஒரு தகரத்தை அடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்தான். காற்று தகரத்தையும் அவனையும் சேர்த்துத் தள்ளியது. அடுப்புக்குள் தண்ணீர் புகுந்து, அலமாரிப் பலகைகள் புஸ்ஸென்று அணைந்தன. பானையில் பாதி வெந்த அரிசியின் மேல் சாம்பல் கலந்த தண்ணீர் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஜெபக்காரர்கள் குடைகளோடு வர ஆரம்பித்தார்கள். மழைக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்று பார்த்தால், மழைக்கு ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூடம் நிறைந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் ரெமெடியோஸ். குரலில் சந்தோஷம் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவளும் களைத்திருந்தாள்.

குஸ்திங் ஈரத்தோடு நெனிதாவின் பக்கத்தில் வந்து நின்றான். "என் பொண்டாட்டி சாப்பாட்டுக் கடை வச்சிருந்தப்ப வாங்கின பெரிய ரைஸ் குக்கர் ஒண்ணு பரண்ல கிடக்கு. கொண்டு வரட்டுமா அக்கா?"

"ஓடு."

அது குக்கரா, குளிக்கிற தொட்டியா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பெரிது. நெனிதா குளியலறையில் அரிசி களைந்து தண்ணீர் வைத்துத் தூக்கி வந்தாள். வீட்டில் மின்சாரம் வருகிற பிளக் ஒன்றுதான் மிச்சம், ஆடோரின் தலைமாட்டுச் சுவரில். கம்பி வேறு குட்டை. ஒரு முக்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, அதன் மேல் குக்கரை வைத்து, விளக்குகளின் ஒயருக்குப் பக்கத்துத் துளையில் செருகினாள்.

மெயின் விழுந்தது. நான்கு விளக்குகளும், மின்விசிறியும், எல்லாமே நின்றன. ஜெபத்தை நடத்திய அம்மாள் பாதி வரியில் வாயை மூடிக்கொண்டாள்.

குஸ்திங் மெயினைத் தூக்கிவிட்டான். மறுபடி விழுந்தது. "ரெண்டையும் தாங்காதுக்கா," என்றான். "ஏதாவது ஒண்ணுதான்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நெனிதாவைப் பார்த்தார்கள். அவள் குனிந்தாள். விளக்குகளின் ஒயரையும் விசிறியின் ஒயரையும் பிடித்து இழுத்தாள். குக்கரை மட்டும் விட்டுவிட்டு, "இப்ப தூக்கு," என்றாள்.

குக்கரில் சிவப்புப் பொட்டு எரிந்தது. விளக்குகள் எரியவில்லை.

"என் தம்பி தலைமாட்டு விளக்கை அணைக்கிறியா நீ?" என்று கேட்டாள் ரெமெடியோஸ். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. முப்பது வருஷமா ஜன்னல் இல்லாத இருட்டுல நின்னு இவருக்குச் சமைச்சேன். இன்னிக்கு ஒரு பானை சோறு வேகுற வரைக்கும் இவர் எனக்காக இருட்டுல இருக்கட்டும். இவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். நீங்களும் சொல்லாதீங்க."

குஸ்திங் இரண்டு மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி வைத்தான். ஜெபம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் குக்கரின் மூடித் துளையிலிருந்து ஆவி கிளம்பியது. விசிறியும் இல்லாத புழுக்கத்தில் அது வேறெங்கும் போகாமல் பெட்டியின் கண்ணாடி மேல் போய்ப் படிந்தது. ஆடோரின் நெற்றி முதலில் மறைந்தது. பிறகு மூக்கு. ரெமெடியோஸ் பதறி எழுந்தாள்.

"கண்ணாடில தண்ணி படக் கூடாது. சொட்டுக் கண்ணீர் விழுந்தாலே போற ஆத்மா திரும்பிப் பாக்கும்னு தெரியாதா?"

"இது கண்ணீர் இல்லக்கா. சோத்து ஆவி."

ரெமெடியோஸ் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். தம்பியின் முகம் தெரிந்தது. மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள். சோற்று வாசனை கூடம் முழுக்கப் பரவியிருந்தது. மூன்றாவது தடவை கைக்குட்டை பாதி வழியில் நின்றது. அவள் அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். சின்ன வயதில் ஆடோருக்கு அவள்தான் சோறு ஊட்டினாள் என்பது நெனிதாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போய்விடவில்லை.

சோறு வெந்தது. விளக்குகளை மறுபடி செருகிவிட்டு நெனிதா பரிமாறினாள். மேஜை இல்லை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீலத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் சாப்பிட்டார்கள். கறியில் புகை வாசனை ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கினார்கள்.

ஜெபக் கூட்டத்தில் ஒருத்தி, இரண்டாவது தட்டைக் காலி செய்துகொண்டே, "பாவம், இப்படி இடிஞ்சு கிடக்கிற வீட்ல வச்சிருக்க வேண்டாம்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "வீட்டை உடைச்சா இப்படித்தான்."

"எங்கப்பா கட்டின வீடு," என்றாள் ரெமெடியோஸ். "எங்க தம்பி உடைச்சான். அவன் பொண்டாட்டிக்கு ஜன்னல் வைக்க உடைச்சான். உனக்கு அதுல என்ன? சாப்பிடு."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். நெனிதா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். ரெமெடியோஸ் அவளைப் பார்க்கவில்லை.

மழை விட்டுத் தூறலாக மாறியபோது கேட்டில் வண்டி வந்து நின்றது. நீளமான வெள்ளை வண்டி. ஓட்டிவந்தவன் மட்டும் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூடத்து வாசலைத் தாண்டி வந்து நின்றான். சீட்டாட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். நெனிதா பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் சோற்றுக் கரண்டி.

"மண்டபத்துலேருந்து வர்றேன்மா. எடுக்கலாமா?"

அவன் கேட்டது நெனிதாவை இல்லை. தொலைபேசியில் பேசிய அம்மாளைத் தேடி அவன் கண்கள் கூடத்தைச் சுற்றின. ரெமெடியோஸ் எழுந்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா, நான் வண்டி ஓட்ட வந்தவன்."

"வாசலைத் தாண்டி உள்ள வந்துட்டேல்ல? அப்ப சாப்பிட்டுத்தான் போகணும்." நெனிதாவின் பக்கம் திரும்பினாள். "சோறு இருக்கா?"

நெனிதா குக்கரைத் திறந்து காட்டினாள். அடியில் ஒட்டிய பருக்கைகள் மட்டும்தான்.

ரெமெடியோஸ் அந்தப் பெரிய பாத்திரத்தைக் குக்கரிலிருந்து உருவிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கறுப்புக் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு, குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அரிசியைக் களைந்தாள். இரண்டு தண்ணீர் ஊற்றிக் களைந்து, விரலால் அளந்து பார்த்து, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். முக்காலியில் இருந்த குக்கருக்குள் வைத்தாள்.

"மண்டபத்துல என்னம்மா சொல்லட்டும்?" என்றான் வண்டிக்காரன்.

ரெமெடியோஸ் குனிந்து விளக்குகளின் ஒயரைப் பிடுங்கினாள்.

"முதல்ல உக்காரு," என்றாள்.

அவன் சுற்றிப் பார்த்தான். காலி நாற்காலி இல்லை. வாசலோரம் அடுக்கியிருந்த சிமெண்ட் கற்களின் மேல் போய் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சோறு வேகக் காத்திருந்தான்.