நாற்பத்தெட்டாவது அட்டை

அச்சகத்தில் அவளுக்கு மில்லி என்று பெயர். மருந்துக் குப்பிகளில் ஒட்டுகிற லேபிள்களை வடிவமைப்பது அவள் வேலை. எழுத்து இம்மி நகர்ந்து விழுந்தாலும் போதும், "ஒரு மில்லி தள்ளியிருக்கு, ஒரு மில்லி!" என்று தாளைத் தூக்கிக்கொண்டு மெஷின்காரர் பின்னால் ஓடுவாள். மில்லிமீட்டரிலிருந்து மீட்டர் உதிர்ந்துபோய் மில்லி மட்டும் மிஞ்சியது. அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டான்.

அண்ணன் பல் டாக்டர். கீழே கிளினிக், நடுவில் வீடு, மாடியில் ரயில். மாடி அறையின் நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, தண்டவாளம் போட்டு, வண்டிகள் நிற்கிற யார்டு, மலையடி ஸ்டேஷன், பால்பண்ணை, சிமெண்ட் ஆலை, துறைமுகம் என்று ஒரு தேசத்தையே நிறுவியிருந்தான். சரக்கு வண்டி ஒவ்வொன்றும் நடுவிரல் நீளம். பல்லைக் குத்திப் பார்க்கிற கம்பியால்தான் வண்டிகளைக் கழற்றிவிடுவான். மலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க, வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடி. அண்ணி கேட்டால் மட்டும், "பழசும்மா, பழசு" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர். வாரம் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு, விடுமுறையில் ரயில் ஓட்ட வருகிற டிரைவர். அப்புறம் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பத்தரைக்குள் சண்டை ஆரம்பித்துவிடும். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பது அண்ணன் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. அங்கிருந்து அவன் உத்தரவு போடுவான், பாதியில் மாற்றுவான், மாற்றவே இல்லை என்று சாதிப்பான்.

"எனக்கு இந்தக் கூத்து தாங்கல மில்லி," என்றாள் அண்ணி ஒரு நாள். "ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை இருந்தா சண்டை வராதாம். அவரே எழுதிப் பார்த்தார். டாக்டர் கையெழுத்து! பால்பண்ணைன்னு எழுதினதை டிரைவர் பல்பண்ணைன்னு படிச்சுட்டு, வண்டியைக் கிளினிக்குக்கு அனுப்பணுமான்னு கேட்டார்."

மில்லி சிரித்தாளே தவிர, விரல்கள் அப்போதே அரிக்கத் தொடங்கிவிட்டன. அட்டையாம், அச்சிட வேண்டுமாம், அளவாக வெட்டி மடிக்க வேண்டுமாம். அவளிடம் போய்ச் சொல்லலாமா இதை?

அடுத்த சனிக்கிழமை காலையில் மடிக்கணினியோடு மாடியேறினாள். அண்ணன் வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அவள் எண்ணும் வகையும் நிறமும் பட்டியலில் ஏற்றினாள். அண்ணி கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தேழு," என்றான் அண்ணன். "இதோட நிறுத்திட்டேன். இனிமே ஒரு வண்டி வாங்கினா ஏன்னு கேளு."

"கேக்காம விடுவேனா?" என்றாள் அண்ணி.

மில்லியின் ஏற்பாடு எளிமையானது. அட்டையின் மேல் பாதியில் வண்டியின் அடையாளம். கீழ்ப் பகுதியை மேலே மடித்து இரண்டு ஓரமும் ஒட்டினால் ஒரு பாக்கெட். அந்தப் பாக்கெட்டுக்குள் ஒரு சீட்டு: எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு. வண்டி போய்ச் சேர்ந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த பயணம் தயார். வண்டி ஓடுகிற இடமெல்லாம் அட்டையும் கைமாறிப் போகும். யாரும் யாரிடமும் கத்த வேண்டியதில்லை.

முதலில் வந்த அட்டைகளைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விட்டது. சரியான அளவுக்கு வெட்டிய சீட்டு பாக்கெட்டுக்குள் நுழைய மாட்டேன் என்றது. அளவுகோலை வைத்துப் பார்த்தால், நூறு மில்லி இருக்க வேண்டிய கோடு தொண்ணூற்றேழில் நின்றது.

"யாருண்ணா பிரின்டர்ல 'பக்கத்துக்குப் பொருத்து'ன்னு டிக் போட்டு வச்சது?"

"நான்தான். எக்ஸ்ரே ரிப்போர்ட் பெருசா வந்துச்சு."

"மூணு மில்லியை முழுங்கிட்டு நிக்குது உன் பிரின்டர்!"

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அச்சிட்டாள். ஒரு தாளுக்கு ஆறு அட்டை, மொத்தம் எட்டுத் தாள். ஆறெட்டு நாற்பத்தெட்டு. வண்டிகளோ நாற்பத்தேழு. கடைசித் தாளில் ஓர் இடம் ஓட்டைப்பல் மாதிரி காலியாகக் கிடந்தது. லேபிள்காரிக்கு அது பொறுக்குமா? எழுத்து சரியாக உட்கார்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த இடத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டாள். எண் 4848. மூடிய வண்டி. நிறம் மயில் நீலம். அதற்கொரு சீட்டும்: புறப்படும் இடம் யார்டு, சேரும் இடம் துறைமுகம். சரக்கு? சுவரில் அண்ணியின் குடை தொங்கிக்கொண்டிருந்தது. "குடை, பன்னிரண்டு டன்."

அப்புறம் வெட்டுவது, கத்தி முதுகால் மடிப்புக்கோடு போடுவது, ஒட்டுவது என்று சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை. அடுக்கி முடித்து விரலால் ஒரு தடவு தடவினாள். ஒரு விளிம்புகூட உறுத்தவில்லை. தன்னைத்தானே தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

மறுநாள் பத்து மணிக்கு அட்டைகளைப் பார்த்து மூன்று விருந்தாளிகளும் வாயைப் பிளந்தார்கள். டிரைவர் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தொட்டார். டீச்சர், "இதுல தப்பு கண்டுபிடிக்க முடியலையே" என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். ஜட்ஜ், "கோப்பு என்றால் இதுவல்லவா கோப்பு" என்றார்.

அன்றைய முதல் ரயிலை யார்டில் தொகுப்பது ஜட்ஜின் பொறுப்பு. அதை மலையடி ஸ்டேஷன் வரை டிரைவர் ஓட்டுவார். அங்கிருந்து துறைமுகம் வரை டீச்சர். துறைமுகத்தில் அண்ணன் வண்டிகளை எண்ணி வாங்கிக்கொள்வான். மில்லிக்கு ஒரு முக்காலி போட்டு வேடிக்கை பார்க்கச் சொன்னார்கள்.

ஜட்ஜ் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய வண்டியைத் தேடிப்பிடித்துக் கோத்தார். ஐந்தாவது வண்டிவரை சுறுசுறுப்பாகப் போயிற்று. ஆறாவது அட்டையைப் பார்த்தார். யார்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அட்டையின் ஓரத்தில் மயில் நீலம் என்ற எழுத்து தெரிந்ததும் மில்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஐயையோ! 4848! அதைத் தனியாக எடுத்து வைக்க மறந்தே போயிற்று.

சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் ஜட்ஜ் இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த அட்டையை மற்ற ஐந்தோடு சேர்த்துச் செருகி, கம்பீரமாக டிரைவரிடம் நீட்டினார். "ஆறு வண்டி. சரிபார்த்தாயிற்று."

இருபத்தெட்டு வருஷம் தீர்ப்புச் சொன்ன மனுஷர். ஒரு வண்டியைத் தொலைத்துவிட்டதாக ஒப்புக்கொள்வாரா? மில்லிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சரி, டிரைவர் கண்டுபிடித்துவிடுவார்.

டிரைவர் பாதி வழியில், சுரங்கத்தைத் தாண்டியதும் எண்ணினார். கையில் ஆறு அட்டை, கண்ணெதிரே ஐந்து வண்டி. திருதிருவென்று விழித்தார். குனிந்து பலகைக்கடியில் பார்த்தார். சுரங்கத்துக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். பஸ்ஸிலிருந்து பயணியைத் தவறவிட்டவர்போல அவர் முகம் வெளிறியது.

"என்ன டிரைவர், எல்லாம் சரியா இருக்கா?" என்று எதிர்மூலையிலிருந்து அண்ணன் கேட்டான்.

"ஆறுக்கு ஆறு, டாக்டர்!"

மில்லி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

மலையடியில் டிரைவர் ரயிலை டீச்சரிடம் ஒப்படைத்தார். "அந்த நீல வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது டீச்சர், பாத்துப் போங்க," என்று சொல்லிவிட்டு, கேள்வி வருவதற்குள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். டீச்சர் எண்ணாமல் விடுகிறவள் இல்லை. ஒரு முறை எண்ணினாள், பின்னாலிருந்து ஒரு முறை எண்ணினாள். பிறகு அவள் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை பரவியது. மில்லியின் காதருகே குனிந்தாள்.

"உங்க அண்ணன் நமக்குப் பரீட்சை வச்சிருக்கார். யார் முதல்ல கத்துறாங்கன்னு பாக்குறார். நான் மாட்ட மாட்டேன்."

மில்லியால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. வாயைத் திறந்தால் விபரீதம்.

டீச்சர் துறைமுகத்தில் ரயிலை நிறுத்தி, நேரம் எழுதுகிற தாளில் ஆறு வண்டிக்கும் டிக் போட்டாள். இல்லாத வண்டி சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

அண்ணன் அட்டைகளை வாங்கினான். ஆறாவதைப் படித்தான். "4848... நாற்பத்தெட்டா?" என்று முணுமுணுத்தான். அவன் காது சிவந்தது. குட்டிக் கண்ணாடியை மலைக்குப் பின்னால் விட்டுப் பார்த்தான். பிறகு மில்லியை மூலைக்கு இழுத்துப் போனான்.

"அதை எங்கே பார்த்தே?"

"எதை?"

"நடிக்காதே. கட்டுப்பல் டப்பாவுக்குள்ளதானே வச்சிருந்தேன்! கிளினிக்ல அந்த அலமாரியை யார் உன்னைத் திறக்கச் சொன்னா? அண்ணிக்குத் தெரிஞ்சா என்னை..."

"எனக்கு என்ன தெரிஞ்சா?" என்றாள் அண்ணி. எலுமிச்சைச் சாறு டம்ளர்களோடு அவனுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அங்கே நின்ற டீச்சர் அதை உருவி அண்ணியிடம் கொடுத்தாள்.

"மயில் நீலமா? நாற்பத்தேழுல நீலமே கிடையாதே. நான் எண்ணினேனே!"

"அப்படி ஒரு வண்டியே இல்லைம்மா!" என்று அலறினான் அண்ணன்.

"இல்லையா?" டிரைவர் பதறினார். "நான் ஓட்டிட்டு வந்தேனே டாக்டர்! மேட்டுல ஏறும்போது இழுவையே தெரிஞ்சுது. பன்னிரண்டு டன் குடைன்னா சும்மாவா?"

"நானே இந்தக் கண்ணால் பார்த்தேன்," என்றார் ஜட்ஜ். "இடது பக்கம் பெயின்ட் லேசாக உரிந்திருந்தது."

அவ்வளவுதான். மில்லி முக்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அணை உடைந்த மாதிரி பொங்கியது. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அது... மாதிரி அட்டை... ஒரு இடம் காலியா இருந்துச்சு... நான்தான் சும்மா... அண்ணி குடையைப் பார்த்து..."

இன்ஜின் மட்டும் துறைமுகத்தில் கிர்ரென்று நின்றுகொண்டிருந்தது.

ஜட்ஜ் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "பெயின்ட் உரிந்திருந்தது என்று சொன்னேன்," என்றார் தமக்குத்தாமே. "இடது பக்கம் என்று வேறு சொன்னேன்." அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. "இந்த மாதிரி சாட்சி சொன்னவர்களை எத்தனை பேரை விரட்டியிருப்பேன் நான்!"

பிறகு யார் முதலில், யார் கடைசி என்றெல்லாம் சொல்ல முடியாது. டிரைவர் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் பால்பண்ணையில் மூன்று மாடுகள் சாய்ந்தன. டீச்சர் தான் போட்ட டிக்கைக் காட்டிக் காட்டி, "நேரம் வேற எழுதியிருக்கேன், நேரம் வேற!" என்று மூச்சுத் திணறினாள். அண்ணி டம்ளர்த் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்டவாளத்தின்மேல் வைத்தாள். அண்ணன் மட்டும் பாதி சிரிப்பும் பாதி கிலியுமாக நின்றான்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "சரி. கட்டுப்பல் டப்பா என்ன விஷயம்?"

அண்ணன் கீழே போய் எடுத்து வந்தான். பஞ்சுக்குள் படுத்திருந்தது ஒரு பழுப்பு நிற எண்ணெய் டாங்கர். நீலத்தின் சாயல்கூட அதில் இல்லை.

"இதுக்கா இவ்வளவு பயம்?" அண்ணி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. ஏணியெல்லாம் எவ்வளவு நுணுக்கம் பாரு மில்லி." பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "கேப்பேன்னு சொன்னேன், கேட்டுட்டேன். போங்க, ஓட்டுங்க," என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. நாலு வண்டி நீங்கலாக மற்ற வண்டிகளெல்லாம் மத்தியானத்துக்குள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. அட்டை சொன்னதை வண்டி கேட்டது. அண்ணன் இரண்டு தடவை உத்தரவு போட வாயெடுத்து, ஜட்ஜ் அட்டையைக் காட்டியதும் கப்சிப்பென்று அடங்கினான்.

கடைசி ரயில் பாக்கி இருந்தபோது ஜட்ஜ் எழுந்து, குமிழ் வைத்த கன்ட்ரோலரை மில்லியிடம் நீட்டினார். "நீங்கள் ஓட்டுங்கள் அம்மா. எல்லாம் உங்கள் உபயம்."

"நானா? எனக்கு அட்டை வெட்டத்தான் தெரியும் சார்!"

"நான் மட்டும் ரயில் காலேஜிலயா படிச்சேன்?" என்றார் டிரைவர். "மெதுவாத் திருப்புங்க."

நாலு அட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு அவள் குமிழைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு முறை தயங்கிவிட்டு நகர்ந்தது. நாலு வண்டியும் அவள் சொல்பேச்சைக் கேட்டுப் பின்னால் வந்தன. சுரங்கத்துக்குள் போய் மறைந்தபோது குனிந்து எட்டிப் பார்த்தாள். மறுபக்கம் தலை நீட்டியதும், முப்பத்தொரு வயதுப் பெண் என்பதெல்லாம் மறந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று குதித்தாள். ரயிலோடு கூடவே அறையைச் சுற்றி நடந்தாள். அண்ணியும் பின்னால் நடந்தாள். டீச்சர் ஒதுங்கி வழிவிட்டாள்.

சிமெண்ட் ஆலையில் நிறுத்த வேண்டிய இடத்தில் குமிழை எந்தப் பக்கம் திருப்புவதென்று ஒரு கணம் மறந்துபோயிற்று. ரயில் நேராகப் போய்த் தடுப்புக் கட்டையில் மோதி, முன் வண்டி சாவகாசமாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.

மில்லி குமிழிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"பரவால்லம்மா," என்றார் டிரைவர். "முதல் நாள் நான் பஸ்ஸைக் கொண்டுபோய் டிப்போ சுவர்லயே விட்டேன். தூக்கி வைங்க, இன்னொரு ரவுண்டு போகலாம்."

அவள் வண்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தாள். குமிழில் விரலை வைத்தாள். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.