நூற்று ஐம்பத்தொன்பது வெள்ளி

பாட்டுக்கு விலை போடுவது என் பிழைப்பு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் உள்ள ஓர் இசை நிறுவனத்தில் விற்பனை மேலாளர் நான். எங்கள் பாடகி சிந்துவின் முதல் இசைத்தட்டுக்கும் நான்தான் விலை போட்டேன். கடைக்காரர்களுக்கு நூற்றுப் பத்து மலேசிய வெள்ளி, வாங்குபவர்களுக்கு நூற்று ஐம்பத்தொன்பது. மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிப் பாடியவளுக்கு அது ஒன்றும் அதிகமில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெரிய கடை எண்பது தட்டுகளை வாங்கிப்போய், தீபாவளிச் சலுகை என்று தொண்ணூற்றொன்பது வெள்ளிக்குப் போட்டுவிட்டது. நட்டம்தான். ஆனால் தட்டு வாங்க வருகிறவன் அப்படியே ஒலிபெருக்கியும் வாங்கிப் போவான் என்று கணக்கு. பெரிய கடைகளின் தாராள மனசெல்லாம் இந்த லட்சணம்தான்.

இனி மற்ற கடைகளில் நூற்று ஐம்பத்தொன்பதுக்கு யார் வாங்குவார்கள் என்று எங்கள் முதலாளி ஜெயராஜ் ஆடிப்போய்விட்டார்.

"எல்லாக் கடைக்கும் இறக்கிடு வாசு. எழுபத்தஞ்சுக்குக் குடு."

ஒரு தட்டு அடிக்கவே எங்களுக்கு எண்பது வெள்ளி ஆகிறது. "அப்போ சிந்துவோட ரெண்டாவது ஆல்பம் பாஸ்?" என்றேன்.

"மொதல் தட்டே ஓடலையே. மறந்துடு லா."

அந்த ஆல்பத்தில் பாதிப் பாட்டு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் கொடுப்பவரிடம் என்ன பேச? கடைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லக் கிள்ளானுக்குக் கிளம்பினேன்.

தெங்கு கிளானா சாலையில் ராஜினி அக்காவின் இசைத்தட்டுக் கடை. எங்களிடம் நூற்றுப் பத்துக்கு முப்பது தட்டு எடுத்திருந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"அங்க இன்னும் எத்தனை இருக்கு?"

"நாப்பது சொச்சம் இருக்கும் அக்கா."

"உங்கிட்ட வாங்குனா நூத்திப் பத்து. அங்க தொண்ணூத்தி ஒம்போது. அப்புறம் என்ன, வண்டியை எடு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அங்கே மிச்சமிருப்பதை மொத்தமாக வாங்கப் போகிறார் என்று புரிந்தபோது ஃபெடரல் நெடுஞ்சாலையில் இருந்தோம்.

"ஒருத்தருக்கு ரெண்டுதான் ஆன்ட்டி," என்றாள் பெரிய கடையின் கல்லாவில் இருந்த பெண். அக்கா சண்டை போடவில்லை. இரண்டு வாங்கினார், தள்ளுவண்டியில் வைத்தார், மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் நான். ஆறாவது சுற்றில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"கால் வலிக்கலையா ஆன்ட்டி? மிச்சத்த மொத்தமா கொண்டாங்க லா."

நாற்பத்தொரு தட்டு. நாலாயிரத்து ஐம்பத்தொன்பது வெள்ளி, அக்காவின் சொந்தக் காசு. தீபாவளிக்குப் புதுச் சரக்கு எடுக்க வைத்திருந்தது.

"இத்தனையும் விக்குமா அக்கா?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"தெரியாது லா. ஆனா அந்தப் பொண்ணு நல்லா பாடியிருக்கா. நூத்தி அம்பத்தொம்போது பெறும்."

காரை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் பெரிய கடையிலிருந்து தொலைபேசி. தட்டு தீர்ந்துவிட்டது, சலுகையும் முடிந்தது, இன்னும் நூறு வேண்டும் என்றார்கள். ஜெயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "நூத்திப் பத்துக்குக் கீழ ஒரு காசு இறக்காத," என்று என்னையே மிரட்டினார். சிந்துவைக் கூப்பிட்டு மிச்சப் பாட்டைப் பாடி முடிக்கச் சொன்னார். யார் வாங்கினார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். கடை வாசலிலேயே சிந்துவின் தட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் நூற்று ஐம்பத்தொன்பது என்று ஒட்டியிருந்தார் அக்கா. விஷயத்தைச் சொன்னேன். "நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு தட்டைத் துடைத்து வைத்தார்.

எத்தனையோ தட்டுகளுக்கு விலை போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட அந்த விலை கொடுத்து வாங்கியதில்லை, எனக்கு எல்லாமே ஓசி. அவர் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு நூற்று அறுபது வெள்ளியை நீட்டினேன்.

அக்கா வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, மீதி ஒரு வெள்ளியைக் கொடுத்தார்.