முந்நூற்று நாற்பது வரிகள் வீடு மாறுகின்றன

அவளுக்கு வீட்டில் ‘அரைப்புள்ளி’ என்று பெயர். வைத்தவர் அவள் புருஷன். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் நின்றுவிடுவாள். “சாயங்காலம் வரும்போது அந்தக் கடையில...” என்று ஆரம்பித்து, கையில் கரண்டியோடு சுவரைப் பார்த்தபடி நிற்பாள். மீதி வாக்கியம் வரப் பத்து நிமிஷம் ஆகலாம், வராமலேயும் போகலாம். அந்த நேரத்தில் அவள் தலைக்குள் ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கரண்டியை மட்டும் வாங்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவள் வேலை கர்னலில். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புவதிலிருந்து, யாருக்கு எவ்வளவு நினைவகம் என்று பிரித்துக் கொடுப்பதுவரை எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடித்தள நிரலுக்கு அதுதான் பெயர். அவள் வேலை செய்யும் கர்னலை ஒரு கம்பெனி எழுதவில்லை. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். மாற்றம் செய்ய நினைப்பவர் அதை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவருக்குப் பிடித்தால் சேர்த்துக்கொள்வார், பிடிக்காவிட்டால் எல்லோரும் பார்க்கத் திருப்பி அனுப்புவார். மானம் போவதென்றால் அங்கே ஊரறியத்தான் போகும்.

நினைவகப் பகுதியின் பொறுப்பாளருக்குக் ‘கத்தரி’ என்று பெயர் வந்துவிட்டது. நீளமாக எதை அனுப்பினாலும் நறுக்கிவிடுவார். அவர் பதிலும் நறுக்கென்றுதான் இருக்கும். அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் ஆறு வருஷமாக அவர் பெயரை மின்னஞ்சலில் பார்த்தால் அவள் உடனே திறக்க மாட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் இருநூறு வரிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினாள். மாற்றும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நினைவகத்தில் ‘பக்கம்’ எனப்படும் ஒரு துண்டை எடுத்துக்கொள்வதற்கு முன், ‘இதை யாராவது வைத்திருக்கிறார்களா’ என்று நிரல் கேட்கிறது. பிறகு பூட்டைப் போடுகிறது. போட்ட பிறகு மறுபடியும் அதையே கேட்கிறது. கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று அவள் இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டாள். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. வீடு மாற்றும்போது ஒரு குப்பையைக் கழித்ததாகத்தான் நினைத்தாள். கடிதத்தில், “இடம் மட்டும்தான் மாறுகிறது, வேறொன்றும் மாறவில்லை” என்று எழுதினாள். கத்தரியும் “பார்த்தேன், சரி” என்று போட்டார்.

முதல் கேள்விக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு கண்சிமிட்டல் நேரம் இருக்கிறது. அதற்குள் யாராவது உள்ளே நுழைந்துவிடலாம். அதற்காகத்தான் அந்த இரண்டாவது கேள்வி. மூன்று வாரத்தில் அங்கங்கே கம்ப்யூட்டர்கள் உறைந்து நின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ‘ஒன்றும் மாறவில்லை’ என்று எழுதிய கடிதத்தை யார் சந்தேகப்படுவார்கள்? கடைசியில் அவள் மாற்றம் அவள் பெயரோடு பிடுங்கி எறியப்பட்டது. அன்றிலிருந்து அவள் மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்த்தாள், விளக்கக் குறிப்புகள் எழுதினாள். தன் பெயரில் ஒரு வரியும் அனுப்பவில்லை.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டாள்.

அவள் கம்பெனி கண் பரிசோதனைக் கருவி செய்கிறது. கருவிக்குள் கேமரா ஒரு நிரல், திரை ஒரு நிரல். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பகிர்வுக் கோப்பு உண்டு. அது ஹார்ட் டிஸ்கில் இருக்காது, நினைவகத்தில் மட்டும் இருக்கும். கேமரா அதில் கண்ணின் படத்தை எழுதி, இனி யாரும் கைவைக்கக் கூடாது என்று முத்திரை போடும். அதற்குப் பிறகுதான் திரை எடுத்துக் காட்டும். இந்த முத்திரை நிரல் கர்னலுக்குள் தற்காலிகச் சேமிப்புக்கான நிரலோடு ஒரே கோப்பில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. கருவி சின்னது, இடம் பத்தவில்லை என்று தற்காலிகச் சேமிப்பை எடுத்துவிட்டார்கள். முத்திரையும் சேர்ந்து போய்விட்டது. மாடிக் குழாயை அடைத்தால் கீழ்வீட்டு விளக்கு அணைந்த மாதிரி.

வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முத்திரை வேலை பார்க்கும் முந்நூற்று நாற்பது வரிகளைத் தனிக் கோப்பாகக் குடிவைக்க வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் இதைச் சொல்லிவிட்டு அவளையே பார்த்தார்.

“வேற யாராவது அனுப்பட்டும். நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்,” என்றாள்.

“பக்கத்துல இருந்து பாக்க ஆள் நிறைய இருக்காங்க மேடம்,” என்றார் மேலாளர். “அனுப்பத்தான் ஆள் இல்ல. சனிக்கிழமையோட புது மாத்தம் வாங்கறதை நிறுத்திக் கதவைச் சாத்திடுவாங்க. விட்டா இன்னும் பத்து வாரம்.”

கருவி பத்து வாரம் தள்ளிப் போனால் கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடாது. அவள் கவலை வேறு. இன்னொரு தடவை பிசகினால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. இருபது வருஷம் சம்பாதித்த பெயரில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

இருந்தாலும் ஆரம்பித்தாள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் வரிகள் இடம் மாறிவிட்டன. நிரலை ஒப்பிட்டுக் காட்டும் கருவியில் ஒரு வசதி உண்டு. இடம் மட்டும் மாறிய வரி நீலமாகத் தெரியும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சிவப்பாகிவிடும். மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். அத்தனையும் நீலம். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

வியாழன் காலையில் வீட்டிலிருந்தே வேலை. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை படித்தாள். படித்திருக்காவிட்டால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முத்திரை போடுவதற்கு முன், யாராவது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவரும் ஒரு சுற்று இருக்கிறது. பெரிய அளவுப் பக்கங்களாக இருந்தால் அந்தச் சுற்று கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறது. பல்லாயிரத்தில் ஒரு தடவை, கேமரா எழுதி முடிப்பதற்குள் முத்திரை விழும். பாதி ஒருவர் கண்ணும் பாதி இன்னொருவர் கண்ணுமாகப் படம் வரும். ஒன்பது வருஷமாக இந்தப் பிழை அங்கேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. சரிசெய்ய ஓர் எழுத்து போதும்.

கை தன்பாட்டுக்குப் போய் அந்த எழுத்தைப் போட்டுவிட்டது. திரையில் முந்நூற்று முப்பத்தொன்பது நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு. சூட்டில் கைபட்டவள் போல வெடுக்கென்று விரலை எடுத்து, பழையபடி ஆக்கினாள். இதே வேலையைத்தானே அன்றைக்கும் செய்தோம்! சரி, தொடாமல் விடலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை. தெரிந்தே ஒரு பிழையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் தன் பெயரோடு வைப்பதா?

மத்தியானம் புருஷன் சாப்பிட வந்தார். அவர் தொழிலே வீடு மாற்றுவதுதான். இரண்டு லாரி, நாலு ஆள். முன்னறையில் மடித்த அட்டைப் பெட்டிகளும் ஒட்டுநாடாச் சுருள்களும் பழைய கம்பளிகளும் எப்போதும் ஆளுயரத்துக்குக் கிடக்கும். அன்றைக்கு வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. கையில் இருந்த பட்டியலை மேசையில் போட்டார்.

“ஏத்தறதுக்கு முன்னாடி எது எது உடைஞ்சிருக்குன்னு எழுதி வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்,” என்றார். “ஒரு அலமாரி. கதவு லேசா தொங்குது. நம்ம டிரைவர் என்ன பண்ணினார் தெரியுமா? போற வழியில லாரிக்குள்ள வச்சே திருப்புளியைப் போட்டு முடுக்கியிருக்கார். இறக்கினா இந்தப் பக்கக் கதவும் சேர்ந்து தொங்குது. இப்போ எது முன்னாடியே உடைஞ்சது, எது நாம உடைச்சதுன்னு யார் சொல்றது?”

“அவர் நல்லதுக்குத்தானே பண்ணினார்?”

“நல்லதுக்குப் பண்ணினதுதான் எனக்கு எப்பவும் தலைவலி.”

அவள் தன் கதையைச் சொன்னாள். பக்கம், பூட்டு, முத்திரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு பிழை இருக்கிறது, சாமானோடு அதுவும் வருகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அது நீ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே இருந்ததுதானே?”

“ஒன்பது வருஷமா இருக்கு.”

“அப்போ பழைய வீட்டுலயே வச்சு சரி பண்ணு. இல்ல, புது வீட்டுல இறக்கினதுக்கு அப்புறம் பண்ணு. வண்டியில வச்சுப் பண்ணாத. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“பழைய வீட்டுல...” என்றாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் எழுந்து அவள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வாங்கி வைத்தார்.

பழைய வீட்டில்தான். அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. புதுக் கோப்பு புதிய பதிப்புகளுக்குத்தான் போகும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பழைய இடத்திலேயே அந்த ஓர் எழுத்தைத் திருத்தினால் அவர்களும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, ஏற்கெனவே சரியாக இருக்கும் சாமானை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மத்தியானமே இரண்டு கடிதம் எழுதினாள். முதலாவதில் பழைய கோப்பில் ஓர் எழுத்துத் திருத்தம், சோதித்துப் பார்க்கும் வழி. இரண்டாவதில் இடமாற்றம். இரண்டாவதின் அடியில் பழைய வாக்கியத்தையே எழுதினாள்: “இடம் மட்டும்தான் மாறுகிறது, வேறொன்றும் மாறவில்லை.” அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இன்னொன்றும் சேர்த்தாள்: “ஆறு வருஷத்துக்கு முன் இதே வாக்கியத்தை எழுதினேன், அது உண்மையாக இல்லை. இந்த முறை என்னை நம்ப வேண்டாம். நிறம் போட்டுச் சரிபாருங்கள்.”

அனுப்புவதற்கு முன் வழக்கமான சோதனையை ஓட்டினாள். ஒரே ஓர் எச்சரிக்கை வந்தது. புதுக் கோப்பு சேர்க்கப்படுகிறது, பொறுப்பாளர் பட்டியலில் மாற்றம் வேண்டுமா என்று கேட்டது. எல்லோரும் தாண்டிப் போகிற எச்சரிக்கைதான். அவளும் தாண்டினாள். ஆனால் கவனிக்காமல் தாண்டவில்லை. அங்கே யார் பெயரைப் போடுவது? தன் பெயரைப் போட்டுக்கொள்ள என்ன முகம் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. ஆபீசில் மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினாள். மேலாளர் ஒன்றும் கேட்காமல் நாகரிகமாக அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். சனிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. முதல் கடிதத்துக்கு, “சரி. பழைய பதிப்புகளுக்கும் அனுப்புகிறேன். ஒன்பது வருஷமாக இதைத் தாண்டித்தான் நானும் போய்வந்திருக்கிறேன்” என்று எழுதியிருந்தார். கத்தரிக்கு அது பெரிய பேச்சு. இரண்டாவது கடிதத்துக்கான பதிலைத் திறந்தாள்.

“இதை இப்படியே சேர்க்க முடியாது. ஒன்று விட்டுப்போயிருக்கிறது.”

எது? எந்த வரி? நீலம்தானே எல்லாம்?

“என்ன ஆச்சு?” என்றார் புருஷன். முன்னறையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“போச்சு. மறுபடியும் எதையோ விட்டுட்டேன்.”

அவருக்கு நிரல் தெரியாது, வாசிக்கத் தெரியும். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “கீழ இன்னும் இருக்கே. முழுசாப் படி.”

படித்தாள்.

“வரிகள் எல்லாம் நீலம். இரண்டு முறை பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. உங்கள் வார்த்தையைப் பார்த்துச் சரி என்று போட்டேன். அந்தத் தவறில் பாதி என்னுடையது. அன்றே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டுவிட்டேன். மன்னிக்கவும். விட்டுப்போனது இதுதான்: புதுக் கோப்புக்குப் பொறுப்பாளர் பெயர் இல்லை. உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்துகிறேன்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருஷம் அவள் தனியாகச் சுமந்ததை அந்தப் பக்கத்திலும் ஒரு மனுஷன் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். எல்லோரும் படிக்கும் இடத்தில் அவர் இதை எழுதியிருந்தார். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

“ஆறு மணி வரைக்கும் அழுதுட்டே இருக்கப் போறியா?” என்றார் புருஷன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அத்தனை வரிகளிலும் அவளே புதிதாக எழுதிய வரி அந்த ஒன்றுதான்.

“அப்போ புது வீட்டுச் சாவி உன் கையிலயா?”

“ஆமா. இனிமே அங்க எது உடைஞ்சாலும் என்னைத்தான்...”

நின்றுவிட்டாள். அவர் அவள் கையைப் பார்த்தார். வாங்கி வைக்க அதில் எதுவும் இல்லை. அதனால் காத்திருந்தார்.

அவள் கடிதத்தை அனுப்பினாள். போய்விட்டது என்று திரை சொல்லும்வரை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“...கேப்பாங்க,” என்றாள். “கேக்கட்டும்.”