நாற்பது வீட்டுக் கூறு

அனுசுயா அந்தப் புத்தகத்தை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் பேர் அச்சில் வந்த பெருமை யாரைத்தான் சும்மா விட்டது?

அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தென்மாவட்டத்துச் சாப்பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாக வந்த தரணீதரன், "உங்கம்மா சமையல்ல எது மறக்கல?" என்று கேட்டதும் உப்புக்கண்டம் என்றாள். கறியை வார் வாராக அரிந்து, உப்பு மஞ்சள் தடவி, கொடியில் காயப்போடுவதை மூச்சுவிடாமல் சொன்னாள். மாடு என்ற இடத்தில் மட்டும் ஆடு என்றாள். அனுப்பர்பாளையத்தில் இந்த லைன் வீடு பிடிக்கும்போதே சாதியை மாற்றிச் சொன்னவள் ஆயிற்றே! மகள் யாழினிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை அந்தப் பொய் தாங்கினால் போதும்.

புத்தகம் கொடுத்த மூன்றாம் நாள் வீட்டுக்கார சாரதாமணி அம்மா அதோடு வந்தார். வழக்கம்போல் உள்ளே வந்து உட்காரவில்லை.

"அந்தத் தம்பி நல்லாத்தான் எழுதியிருக்குது கண்ணு. ஒண்ணுதான் புரியல. தீபாவளிக்கு ஒண்ணை அறுத்தா நாப்பது ஊட்டுக்கும் கூறு, ஊட்டுக்கு மூணு கிலோன்னு சொன்னியாமா?"

"ஆமாங்கம்மா."

"நாங்களும் உப்புக்கண்டம் போடறவங்கதான். எங்க ஆட்டை உரிச்சா பன்னெண்டு கிலோ தேறும். உங்கூரு ஆடென்ன, யானைக்குட்டியா?"

அனுசுயா சிரிக்கப் பார்த்தாள்.

"அச்சுல தப்பு விட்டிருப்பாங்கம்மா."

"இருக்கும்." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "சுவத்துக்கு வெள்ளையடிக்கோணும் கண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிரு."

"பாப்பாவுக்குப் பரீட்சைங்கம்மா. பதினஞ்சே நாளு..."

"தண்ணித்தொட்டி எல்லாத்துக்கும் பொதுவாச்சே. மத்த குடித்தனக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

புத்தகத்தைக் கையில் கொடுக்காமல், வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைக்குள் ஐந்து வீட்டில் இல்லை என்றார்கள். ஆறாவது வீட்டுக்காரர் கன்னையன், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, கறி கிறி சமைப்பீங்களா?"

"சுத்த சைவங்க," என்றாள் அனுசுயா. "அந்த வாசமே எங்களுக்கு ஆகாது."

கன்னையன் நம்பாமல் யாழினியைப் பார்த்தார். அறிவியல் புத்தகத்தை மார்போடு அணைத்து நின்றவள் தலைநிமிர்ந்து சொன்னாள்:

"எங்க அம்மாச்சி முட்டைகூடத் தொட்டதில்லீங்க."

சாவி கைமாறியது. மகளின் முகத்தைப் பார்க்க அனுசுயாவுக்குத் தைரியம் வரவில்லை.