கணக்கில் சேராத நடைகள்

பருவத்தின் முடிவில் திரையில் பட்டியல் விரிந்தபோது, தன் ஆளின் பெயர் எங்கே என்று மார்லிஸ் த்வோராக் இரண்டு முறை தேடினாள். முதலிடத்தில் மின்னிய பெயர் கர்ட்டிஸ் ஹேகனின் அணியைச் சேர்ந்தது, சராசரி .331. அவளுடைய ரூடி ஃபால்க்கின் சராசரி .352. அவன் பட்டியலிலேயே இல்லை.

அமெரிக்காவின் டுபியூக் நகரத்தில் கர்ட்டிஸின் வீட்டு நிலவறையில், ஞாயிறு பிற்பகல்களில், பள்ளிக் காலத்திலிருந்து நண்பர்களான மூவரும் ஆடிவந்த பழைய பேஸ்பால் வீடியோ கேம் அது. மூன்றாமவன் லானி ஷ்ராம். பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அனைவரும் பொதுக் குவியலுக்குத் திரும்பிவிட வேண்டும், பிறகு புதிதாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வகுத்திருந்த விதி. அதற்கு விலக்கு ஒன்றே ஒன்று: அதிக சராசரியோடு முடித்தவனை அவனுடைய அணி வைத்துக்கொள்ளலாம். தேர்வில் முதல் வாய்ப்பு, ஊர் வழக்கப்படி, கடைசியாக வந்த அணிக்கு. அந்த ஆண்டு கடைசியாக வந்தது கர்ட்டிஸ்.

ரூடி விளையாட்டோடு வந்த ஆட்டக்காரன் அல்லன், மார்லிஸ் உருவாக்கியவன். குள்ளன், இடக்கையன். முழங்காலை மடக்கி, மட்டையைத் தோளில் சாய்த்து நிற்பான். பன்னிரண்டு வயதில், பெண்பிள்ளைகளுக்கு மென்பந்து ஆட்டம்தான் என்று சொல்லி அவளைப் பேஸ்பால் அணியிலிருந்து அனுப்பிவிட்ட நாள்வரை அவள் நின்ற நிலை அது. அவளிடம் இருந்த பொறுமையையும் அவனுக்குக் கொடுத்திருந்தாள். மோசமான பந்தைத் தொட மாட்டான். நான்கு மோசமான பந்துகள் சேர்ந்தால் அடிக்காமலே முதல் தளக்கட்டத்துக்கு நடந்துபோகலாம் என்பது ஆட்ட விதி; அவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நிதானமாக நடந்துபோவான்.

லானி திரையின் அடியிலிருந்த சிறு எழுத்தைப் படித்துச் சொன்னான். பட்டியலில் இடம்பெறும் தகுதிக்கு வேண்டிய மட்டை வாய்ப்புகளில் ரூடிக்கு மூன்று குறைகின்றன.

அப்படி இருக்க வழியில்லை என்றாள் மார்லிஸ். நடந்துபோனது சராசரியில் சேராது என்றாலும், தகுதி பார்க்கும்போது அதுவும் ஒரு வாய்ப்புதான். மைதானத்தில் நடக்கும் உண்மையான பேஸ்பாலில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அதற்குக் கர்ட்டிஸ், தட்டிலிருந்த சாஸேஜைக் கடித்தபடி, இந்த விளையாட்டு அப்படி எண்ணாது, மட்டையால் முடிந்த வாய்ப்புகளை மட்டும்தான் எண்ணும் என்று விளக்கினான். கேட்ட உடனே வந்தது பதில். யோசிக்கக்கூட இல்லை.

அந்த வேகம்தான் அவளைச் சுட்டது. கடைசித் தொடர் நினைவுக்கு வந்தது. கர்ட்டிஸின் பந்துவீச்சாளர்கள் ரூடிக்கு ஒரு நல்ல பந்துகூடப் போடவில்லை. வேண்டுமென்றே அவனை நடத்தி அனுப்பினார்கள். அவனைக் கண்டால் கை நடுங்குகிறது என்று கர்ட்டிஸ் சொன்னான். லானி எழுந்து நின்று ரூடிக்கு வணக்கம் வைத்தான். அவளும் சிரித்தாள். பாராட்டு என்று நம்பிச் சிரித்தாள்.

"இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

கர்ட்டிஸ் தட்டைக் கீழே வைத்தான். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் ஆளுக்கும் இதேதான் ஆச்சு. நான் உக்காந்து அழுதேனா?"

"அழல. வாயையும் திறக்கல."

"திறந்திருந்தா நீ என் ஆளுங்கள நடத்தி அனுப்பியிருப்ப."

"உன்ன மாதிரியே என்னையும் நினைச்சுட்டியாடா?"

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே லானி நடுவில் புகுந்தான். திரை சொல்வதே முடிவு என்று மூவரும் ஒப்புக்கொண்டதுதானே, அந்த விதியைக் கொண்டுவந்ததே மார்லிஸ்தானே என்று நினைவுபடுத்தினான். உண்மைதான். இயந்திரம் யார் பக்கமும் சாயாது என்று நம்பிக் கொண்டுவந்தாள். அது சாயவுமில்லை. அதற்குத் தெரிந்த தப்பான கணக்கை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் போட்டது. அதை அவளுக்கு எதிராகத் திருப்பியவன் எதிரே உட்கார்ந்து விரலிலிருந்த கடுகு விழுதைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டிருந்தால் ஒரு பருவத்துக்கு ரூடியை இரவல் கொடுத்திருப்பாள்.

"என் முதல் தேர்வு யாருன்னு சொல்லவா?" என்றான் கர்ட்டிஸ். "கோவிச்சுக்காத மார்லிஸ். அவன நான் நல்லா பாத்துக்கறேன். கொஞ்சம் மட்டைய வீசக் கத்துக் குடுக்கறேன்."

கட்டுப்பாட்டுக் கருவி அவள் மடியில் இருந்தது. தேர்வுப் பக்கத்துக்குப் போகவில்லை. ஆட்டக்காரர்களை உருவாக்கும் பக்கத்துக்குப் போனாள். ரூடி திரையில் வந்து, முழங்காலை மடக்கி, மட்டையை ஆட்டியபடி பந்துக்காகக் காத்திருந்தான். அழிக்கவா என்று விளையாட்டு கேட்டது.

"ஏய், அது செல்லாது," என்றான் கர்ட்டிஸ். இப்போது அவன் எழுந்து நின்றிருந்தான்.

"எந்த விதில இருக்கு? சொல்லு."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

அழுத்திய பிறகும் கோபம் இறங்கவில்லை. பட்டியல்கள் தம்மைத் திருத்திக்கொண்டன. ரூடி அடித்தவை, ஓடியவை, அந்த .352, எல்லாம் போயின. ஆனால் கர்ட்டிஸின் பந்துவீச்சாளர்களின் பக்கத்தைத் திறந்தபோது, அவர்கள் கொடுத்த நடைகள் ஒன்றுகூடக் குறையாமல் அங்கேயே நின்றன. யாருக்குக் கொடுத்தவை என்று மட்டும் அதில் இல்லை.

அவள் அந்தப் பக்கத்தை மூடாமல், கருவியைக் கர்ட்டிஸின் பக்கம் தள்ளினாள்.

"உன் முறை," என்றாள். "எடு."