அந்துருண்டை வைத்த பெட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகைக்காக 'வீட்டிலுள்ள நச்சுப் பொருட்களைக் குறைக்கப் பத்து வழிகள்' என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்காதீர்கள். கொசுவர்த்தி ஏற்றினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். இரண்டு வழிகள் கடகடவென்று வந்தன. மூன்றாவது, அந்துருண்டை. 'துணிகளுக்கிடையே அந்துருண்டை வைப்பவர்கள்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அப்படி வைத்தவர் என் அண்ணி.

2

(முதல் தொடக்கம்: அண்ணி கவனமில்லாதவர். பொய். அடித்துவிட்டேன்.)

அண்ணி தையல்காரர். ஊசி கீழே விழுந்தால் அது கிடைக்கும்வரை யாரையும் அறைக்குள் விடமாட்டார். மகளுக்காகத் தானே தைத்த கைக்குழந்தைச் சட்டைகளை ஒன்பது வருடம் தகரப் பெட்டியில் பூச்சி அரிக்காமல் காத்துவைத்திருந்தார். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்த எட்டாம் நாள், பெட்டியோடு வந்து இறங்கினார்.

"என்ன அண்ணி, இப்படி நெடி அடிக்குது?" என்றாள் தங்கை.

"பெட்டி வாசம்மா. காத்து பட்டா போயிடும். துணி எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாரு."

வெள்ளை உருண்டைகளை உதறிவிட்டு, பிள்ளைக்குச் சட்டை மாட்டி, போர்வையால் கழுத்துவரை சுற்றித் தங்கையின் மடியில் வைத்தார்.*

* நானும் அங்கேதான் இருந்தேன். "ராஜா மாதிரி இருக்கான்" என்றேன். இதைக் கட்டுரையில் எந்த வழியில் சேர்ப்பது?

3

மூன்றாம் நாள் காலை பிள்ளை பால் குடிக்கவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. ஈரத்துணியை மாற்றப்போன தங்கை அப்படியே நின்றுவிட்டாள். துணியில் கறுப்புத் தேநீர் கொட்டியதுபோல் கறை.

மருத்துவமனைக்கு அண்ணியும் கூடவே ஓடிவந்தார். மருத்துவர் பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே சட்டையை முகர்ந்தார்.

"இந்தத் துணி எங்க இருந்துச்சு?"

"பெட்டியில. அந்துருண்டை போட்டு," என்றார் அண்ணி.

"துவைச்சீங்களா?"

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையசைத்தார்.

மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. "எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது. சில பேருக்குப் பிறவியிலயே ரத்தத்துல ஒரு குறை இருக்கும். இந்த நெடி உடம்புல சேர்ந்தா ரத்த அணுவெல்லாம் உடைஞ்சுபோகும். டெஸ்ட் பண்ணிடலாம். ரத்தம் ஏத்தவேண்டி வரும்."

(இங்கே தங்கை கத்தியதாக ஒரு வரி எழுதினேன். அவள் கத்தவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். கத்தியிருந்தால் அண்ணி தாங்கியிருப்பார்.)

4

பிள்ளை மருத்துவமனையில், மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கடியில் நான்கு நாள் கிடந்தான். அண்ணிக்குத் தன் வீடே பகையாகிவிட்டது. தரை துடைக்கும் திரவம், கரப்பான் மருந்து, அறைக்கு மணமூட்டும் தெளிப்பான் என்று ஒவ்வொன்றையும் மூடியை இறுக்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். கைகளைக் கழுவினார், முகர்ந்தார், மறுபடி கழுவினார். பிறகு எனக்குத் தொலைபேசினார்.

"தம்பி, என் பொண்ணு ஒன்பது வருஷமா இந்த வீட்டுலதானே மூச்சு விடறா? அவளுக்கு உள்ளுக்குள்ள என்னென்ன ஆகியிருக்குமோ?"

பத்து வழி எழுதுகிறவன் நான். "ஜன்னலைத் திறந்துவைங்க அண்ணி," என்றேன்.

5

பிள்ளை பிழைத்துக்கொண்டான். சோதனையில் மருத்துவர் சொன்ன குறை உறுதியானது. வீட்டுக்கு வந்த மறுநாள், வெறுங்கையோடு, தலை ஈரம் காயாமல், அண்ணி வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க அண்ணி," என்றாள் தங்கை, தோளில் பிள்ளையோடு.

அண்ணி உள்ளே வந்தார். அருகில் போன தங்கை சட்டென்று குனிந்து அண்ணியின் தோளை முகர்ந்தாள். கண்ணிமைக்கும் நேரம். அண்ணி கவனித்துவிட்டார்.

முடிவு அ: தங்கை மன்னிப்புக் கேட்கிறாள்.
முடிவு ஆ: அண்ணி அழுதபடி திரும்பிப் போகி...

இரண்டும் நான் இட்டுக்கட்டியவை. நடந்தது இது: அண்ணி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நல்லா மோந்து பாரும்மா. இன்னும் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல."

தங்கை அடுத்து என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் அவளைச் சரியென்பீர்கள், இல்லை தப்பென்பீர்கள். பயந்துபோன ஒருத்திக்கு இரண்டுமே அநியாயம். பிள்ளை உங்கள் தோளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியின் கைகள் உங்கள் முன்னால் நீண்டிருக்கின்றன.